தொழில்நூலும் அதன் விலையும்: மானிப்பாய் அச்சகம் முதல் கணினி வரைகலை வரை – ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்து நூற்பண்பாடு பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளுள் மிகப் பெரும்பாலானவை சமய நூல்களையும் இலக்கண இலக்கியப் பதிப்புகளையும் அகராதிகளையும் பற்றியனவே. ஒரு தொழிலைக் கற்கும் பொருட்டு ஒருவர் விலைகொடுத்து வாங்கிய நூல் யாது, அவ்விலை அவர் கைக்கு எட்டியதா, வாங்கிய நூல் எத்துணைக் காலம் அவருக்குத் துணைநின்றது என்னும் வினாக்கள் அத்துணை எழுப்பப்படவில்லை. கணினி வரைகலை பயில விரும்பும் மாணவர் இன்று புத்தகக் கடையில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு இவ்வினாக்களை நம்முன் வைக்கின்றது. போட்டோஷொப், இலஸ்ட்ரேட்டர், இன்டிசைன் முதலிய மென்பொருள்களைக் கற்பிக்கும் ஆங்கில நூல்கள் விலை மிக்கன. தமிழ்க் கையேடுகள் மலிவானவை, ஆயின் விரைவிற் பழையனவாகிவிடுகின்றன. எதனை வாங்குவது என்னும் இக்கடைத்தெரு வினாவுக்குப் பின்னால் ஏறத்தாழ 200 ஆண்டு வரலாறு உண்டு. அதனை ஓரளவு நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணம்.

அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816 ஆம் ஆண்டிலாகும். 1820 இல் அவர்களுக்கு உதவவென அச்சாளர் ஜேம்ஸ் கரெற் வந்து சேர்ந்தார். ஆங்கில அரசின் ஆள்பதி பாண்ஸ் அவர் இங்குத் தங்குதற்கு இசைவு தரவில்லை. கரெற் பம்பாய்க்குச் சென்றார். 1834 ஆம் ஆண்டளவிலேயே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம், மைனர் என்னும் அச்சாளரின் பொறுப்பில், ஒழுங்காக இயங்கத் தொடங்கிற்று. 1841 இல் உதயதாரகைப் பத்திரிகையும், 1842 இல் 58,500 சொற்களைக் கொண்ட மானிப்பாய் அகராதியும் வெளிவந்தன. இவையெல்லாம் பலரும் அறிந்த செய்திகள். அறியப்படவேண்டிய அளவுக்கு அறியப்படாத செய்தி எழுத்தின் பருமன் பற்றியது. தொடக்ககாலத் தமிழ் அச்செழுத்துக்கள் பெரியன. பெரிய எழுத்தாயின் பக்கம் கூடும். பக்கம் கூடினால் தாள் கூடும். தாளோ கப்பலில் வரவேண்டிய பண்டம். சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தைச் சேர்ந்த பி. ஆர். ஹண்ட் சிறிய, செப்பமான தமிழெழுத்துக்களை வார்ப்பித்தமை வெறும் அழகுக்காக அன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. யாழ்ப்பாணத்தில் முளைகொண்டு 1862 இல் சென்னையில் வெளிவந்த வின்சுலோவின் பேரகராதி ஒரே தொகுதிக்குள் அடங்கியமைக்கு அவ்வெழுத்துக்கள் துணைசெய்தன. நூலொன்றின் விலையே பக்கவடிவமைப்பினால் தீர்மானிக்கப்பட்டது என்பதனை வடிவமைப்புப் பயில்வோர் நினைவிற் கொள்வது நன்று.

தொழில்நூல் என்ற வகையில் முதலிற் குறிப்பிடத்தக்கவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847 இல் வந்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த இவர், தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். 1864 முதல் தமிழிற் கற்பித்தார். அவர் மொழிபெயர்த்தும் மொழிபெயர்ப்பித்தும் வெளியிட்ட வைத்திய நூல்கள் 4,000 பக்கங்களுக்கு மேற்பட்டவை. மனுஷ அங்காதிபாதம், இரணவைத்தியம், கெமிஸ்தம் என்னும் பெயர்களே அம்முயற்சியின் போக்கைக் காட்டும். வடமொழியும் தமிழும் ஒலிபெயர்ப்பும் தயக்கமின்றி அங்கு கலந்துள்ளன. ஆங்கிலம் கற்ற வைத்தியர் ஊரை விட்டு அரசாங்க உத்தியோகத்துக்குச் சென்றுவிடுவர், தமிழில் கற்றவர் ஊரிலேயே தங்குவர் என்பது கிறீனின் கணிப்பு. அதாவது, நூலின் விலை என்பதற்குள் அதனைப் படிக்க வேண்டிய மொழியைக் கற்கும் செலவையும் அவர் சேர்த்தெண்ணினார். இந்நுண்மை நமது காலத்து மென்பொருட் கையேடுகளுக்கும் பொருந்தும். ஆயின் 1873 இல் கிறீன் நாடு திரும்பியபின் அம்முயற்சி நிலைக்கவில்லை. தொழிலின் மொழி ஆங்கிலமாகவே இருந்தமையால், தமிழ் நூல்கள் எவ்வளவு செம்மையாக இருப்பினும், அவற்றைப் பயின்றவருக்கு மேலே செல்ல வழி குறுகலாயிற்று. நூல் பழுதுபடவில்லை, நூலைச் சூழ்ந்த அமைப்பு மாறிற்று.

அதே காலத்தில், 1849 இல், ஆறுமுக நாவலர் சென்னையில் அச்சியந்திரம் வாங்கி வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். அவருடைய பாலபாடங்கள் படிமுறைப் பகுதிகளாக வெளிவந்தன. தனக்கு வேண்டிய பகுதியை மட்டும் மாணவர் வாங்கலாம் என்ற வசதி அவ்வமைப்பில் இயல்பாகவே உண்டு. 800 பக்கப் பெருநூலை ஒருமுறையில் வாங்கச் செய்யும் இக்கால வெளியீட்டு முறையோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை விரிவடைந்தது. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1956 இன் பின் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளையும் மொழிபெயர்ப்பு நூல்களையும் வெளியிட்டது. சுன்னாகத்து வட-இலங்கைத் தமிழ்நூற் பதிப்பகம் பாடநூல்களை வெளியிட்டது. 1960 முதல் பிரித்தானிய அரசின் உதவியோடு மலிவுப் பதிப்புகளாக வந்த ஆங்கிலப் பல்கலைக்கழக நூல்களும், மொஸ்கோவிலிருந்து வந்த முன்னேற்றப் பதிப்பகத்து நூல்களும் ஏழை மாணவருக்குப் பெருந்துணையாயின. இவ்விரு வெளிநாட்டு மலிவுகளுக்கும் அரசியல் நோக்கம் இருந்தது என்பது உண்மையே. வாங்கியவர் அதனைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. 1991 இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது அவற்றுள் ஒன்று முற்றாக நின்றது.

இவ்வளவு நூல்களுக்கிடையே அச்சுத்தொழிலுக்கு நூல் இருந்ததா? குடாநாட்டு அச்சகங்களில் எழுத்துக்கோப்போர் தொழிலை நூலாற் கற்கவில்லை. இளைஞர் ஒருவர் மூத்தவரின் பக்கத்தில் நின்று, எழுத்துப் பெட்டியின் அறைகளைக் கையாற் பழகி, ஆண்டுகள் கழித்தே தனியாகக் கோக்கத் தொடங்குவார். ஒற்றெழுத்தால் வரியைத் தொடங்கலாகாது. ஒடுங்கிய பத்தியில் நீண்ட சொல்லை எங்கே முறிப்பது. மேலே விசிறியும் கீழே சுழியும் வரும் வரிகளுக்கிடையே எத்தனை ஈயத்தகடு செருகுவது. இவை கண்ணாலும் கையாலும் கடத்தப்பட்ட அறிவு. கட்டணமில்லாக் கல்வி எனலாம். எனினும் கற்பவர் அதற்காகத் தம் இளமையின் சில ஆண்டுகளைக் குறைந்த சம்பளத்திற் கொடுத்தார்.

1981 ஆம் ஆண்டு மே, யூன் மாதங்களின் எல்லையில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. அந்நாட்களிலேயே ஈழநாடு அலுவலகமும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிந்தன. விலைகொடுத்து வாங்க இயலாதவர் இரவல் பெறும் இடமும், வாங்கக்கூடியவர் வாங்கும் இடமும் ஒருசேர அழிந்தன என்பதனை வரலாற்று மாணவர் கருதவேண்டும். 1990 இன் பின் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, பொருளாதாரத் தடையினால் தாளும் மையும் அரிதாயின. பயிற்சிக் கொப்பித் தாளிலும் பத்திரிகை அச்சான காலம் அது.

இக்காலப் பகுதியிலேயே உலகின் பிற இடங்களில் அச்சுத்தொழில் கணினிக்கு மாறிக்கொண்டிருந்தது. 1985 இல் பேஜ்மேக்கர் வந்தது. 1987 இல் இலஸ்ட்ரேட்டர், 1989 இல் கோரல்ட்ரோ, 1990 இல் போட்டோஷொப். மின்சாரமே இல்லாத நாட்டுப்புறத்துக்கு இவை பிந்தியே வந்தன. 2002 இல் ஏ-9 பாதை திறந்தபின் தாராளமாயின. வந்தபோது தமிழை அவற்றுள் நுழைத்தது பாமினி போன்ற எழுத்துருக்களே. பாமினியின் விசையமைப்பு தமிழ்த் தட்டச்சுப் பொறியின் அமைப்பைத் தழுவியது. ஆங்கில 'ஜே' விசையில் 'த' வரும், 'கே' விசையில் 'ம' வரும். அத்தட்டச்சுப் பொறியை வகுத்தவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886 இற் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது.

இங்கு ஒரு விநோதம் நிகழ்ந்தது. பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பு 2001 இல் வெளிவந்து, பின்னர் அதன் வளர்ச்சி கைவிடப்பட்டது. மேலைநாட்டில் அதற்கான கையேடுகள் பழைய தாளாயின. தமிழ் அச்சகங்களிலோ அது நெடுங்காலம் உயிரோடிருந்தது. ஏனெனில் அதற்குப்பின் வந்த இன்டிசைன் முதலியன பல பதிப்புகள் வரை யுனிக்கோட் தமிழைச் சரிவரக் கோக்கவில்லை. கொம்பு ஓரிடமும் எழுத்து வேறிடமுமாகச் சிதறின. ஆதலால் சென்னையில் அச்சாகிய பேஜ்மேக்கர்க் கையேட்டை வாங்கிய யாழ்ப்பாணத்து மாணவர் ஏமாறவில்லை. மென்பொருட் கையேட்டின் ஆயுளை மென்பொருளின் ஆயுள் மட்டுமன்றி, எழுதப்படும் மொழியும் வரையறுக்கின்றது என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அவ்விதிவிலக்கை நீக்கிப் பார்ப்பின், விசைகளையும் பட்டியல்களையும் விளக்கும் நூல்களின் ஆயுள் குறுகியதே. அடோபி நிறுவனத்தின் 'கிளாஸ்ரூம் இன் எ புக்' வரிசை ஒவ்வொரு பதிப்புக்கும் புதிதாக எழுதப்படுகின்றது. 2013 இல் அந்நிறுவனம் பெட்டியில் விற்ற மென்பொருளைக் கைவிட்டுச் சந்தாமுறைக்கு மாறியபின் இவ்வேகம் குறையவில்லை. இதனோடு 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியையும் சேர்த்து எண்ணவேண்டும். அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. 50 டொலர் விலையுள்ள நூல் எனக் கொள்வோமாயின், அட்டையில் ஓர் எழுத்தும் மாறாமலே 10,000 ரூபாவிலிருந்து 18,000 ரூபாவாக உயர்ந்தது. ஈராண்டில் பழையதாகும் நூலுக்கு இவ்விலை கொடுக்குமாறு எந்த மாணவரையும் நாம் தூண்டலாகாது.

மாறாக, மென்பொருளின் பெயரே இல்லாத நூல்கள் நீண்டகாலம் வாழ்கின்றன. 1981 இல் வெளிவந்த முல்லர்-புரொக்மனின் கட்டச்சட்டக நூலும், 1992 இல் வெளிவந்த பிரிங்கர்ஸ்டின் அச்செழுத்துக்கலை நூலும் இன்றும் பயிலப்படுகின்றன. 1994 இல் றொபின் வில்லியம்ஸ் எழுதிய, வடிவமைப்பாளரல்லாதோர்க்கான சிறுநூல் வேறுபாடு, மீள்வருகை, ஒழுங்குநிரல், அண்மை என்னும் நான்கு கருத்துக்களையே கொண்டது. நான்கும் எந்தக் கணினியிலும் பழுதாகா. இத்தகையவற்றின் பழைய பதிப்பொன்றைக் குறைந்த விலையில் பெறுவதே தக்கது என்பது எமது துணிபு. மென்பொருளின் விசைகளைக் கற்பதற்குக் காசு செலவிட வேண்டியதில்லை. ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்கிறைபஸ் ஆகிய கட்டற்ற மென்பொருள்களுக்கு இணையத்தில் இலவசக் கையேடுகள் உள்ளன. 2024 இல் வெளிவந்த ஸ்கிறைபஸ் 1.6 தமிழ் யுனிக்கோட்டையும் கோக்கும். கடையில் அச்சுக்கையேட்டையே வாங்க நேரின், தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் பதிப்பாண்டையும், பொருளடக்கத்தில் 'தமிழ்' அல்லது 'யுனிக்கோட்' என்ற சொல் உண்டா என்பதனையும் பார்த்துக்கொள்க. போட்டோஷொப்பில் தமிழெழுத்துச் சிதறாதிருக்கச் செய்யவேண்டியதைப் பற்றி ஒரு வரியும் இல்லாத நூல், தமிழ் மாணவருக்கு முதற்பக்கத்திலேயே இடர் விளைக்கும்.

பிரிங்கர்ஸ்ட் முதலியோரின் நூல்களிலும் ஒரு குறை உண்டு. அவை உரோம எழுத்தை முதன்மையாகக் கொண்டவை. எழுத்தளவின் 120 வீதத்தை வரியிடைவெளியாகத் தானே அமைத்துக்கொள்ளும் மென்பொருளின் வழக்கமும் அவ்வெழுத்திலிருந்து பிறந்ததே. தமிழில் மேல்விசிறியும் கீழ்ச்சுழியும் அடுத்தடுத்த வரிகளில் மோதும்போது அவ்வளவு போதாது. எவ்வளவு போதும் என்பதனை ஈயத்தகடு செருகிப் பழகிய எழுத்துக்கோப்போர் அறிவர். அவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் முதியோர். 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தில் அவர்கள் கோத்த நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பக்கத்தைத் திரையில் விரித்து, வரியிடைவெளியை அளவுகோலால் அளந்து பார்ப்பதற்கு எந்த மாணவரும் ஒரு சதமும் செலவிட வேண்டியதில்லை. அளந்ததைத் தமிழில் எழுதி வைக்கும் பணி நமது கலைப்பீடத்து மாணவர் செய்யக்கூடியது. அம்முதியோரிடம் கேட்டறிவதற்கான காலமே குறுகியது.