சான்றிதழும் திறனும்: ஆய்வு, கணினிப் பயிற்சிகளின் தரம் அளக்கப்பட்ட வரலாறு

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையில் இருப்புப்பாதைகள் சந்திக்கும் ஊர் பாகாலா. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப்பகுதி இது. இங்கிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள திருப்பதியில் 1954இல் திருவேங்கடவன் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. அதற்கு முன்பே, சாது சுப்பிரமணிய சாஸ்திரியாரின் உழைப்பால் தொகுக்கப்பெற்ற திருமலை, திருப்பதிக் கோயிற் கல்வெட்டுகளைத் தேவஸ்தானம் 1930களில் தொகுதிகளாக வெளியிட்டிருந்தது. அவற்றுட் பெரும்பாலானவை தமிழ்க் கல்வெட்டுகளாகும்.

பாகாலா போன்ற ஊர்களிலிருந்து ஆய்வுக்கு வரும் மாணவர் இத்தொகுதிகளைக் கையாள வேண்டியவர். ஒரு கல்வெட்டுப் பாடத்தைப் பிழையின்றித் தட்டச்சு செய்து, பிறர் தேடிக் கண்டறியும் வடிவில் சேமித்து, மூலத்தைச் சுட்டி எடுத்தாள அவரால் இயலுமா என்பதே பயிற்சியின் தரத்தை அளக்கத் தக்க வினா. பயிற்சி வகுப்புகளின் வரலாற்றில் இவ்வினா எழுப்பப்பட்டது அரிது.

1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, கல்லூரி ஆசிரியர்களுக்கெனக் கல்விப் பணியாளர் கல்லூரிகள் 1987 முதல் தொடங்கப்பெற்றன. இவற்றின் புத்தொளிப் பயிற்சிகள் பணி மேம்பாட்டிற்கு நிபந்தனையாயின. அதன் விளைவாக வருகைப்பதிவும் சான்றிதழுமே முதன்மை பெற்றன. 2015இல் மனிதவள மேம்பாட்டு மையங்கள் என்றும், 2023இல் மாளவியா பெயராலும் இவை அழைக்கப்பெற்றபோதும் இந்நிலை பெரிதும் மாறியதாகக் கூற இயலாது. பங்கேற்றோரின் மனநிறைவு, கற்ற அளவு, பணியில் ஏற்பட்ட மாற்றம், இறுதி விளைவு என நான்கு நிலைகளில் பயிற்சியை மதிப்பிடும் முறையை அமெரிக்கரான டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959இலேயே முன்வைத்தார். நம் வகுப்புகளின் இறுதி நாளில் நிரப்பித் தரப்படும் கருத்துப் படிவம் இவற்றுள் முதல் நிலையை மட்டுமே தொடுகிறது.

தமிழாய்வில் இதன் விளைவு வெளிப்படையானது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் 99 மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியீட்டு முறைகளும் தரப்படுத்தப்பட்டன. எனினும் பயிற்சி வகுப்புகளிற் பல, ஏதேனும் ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்யக் கற்பிப்பதையே கணினியறிவு எனக் கருதின. 2010இல் ஒருங்குறி தமிழக அரசின் தரமாக ஏற்கப்பட்டது. அதற்கு முந்தைய எழுத்துருக்களில் உருவான ஆய்வேடுகள் இன்று ஷோத்கங்கா போன்ற களஞ்சியங்களில் இடம்பெற்றாலும், அவற்றினுள் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைப்பதில்லை. படியெடுத்தால் பொருளற்ற குறிகளே வருகின்றன. அன்று அவ்வகுப்புகளில் சிறப்பாகத் தேறியவர்களின் ஆய்வேடுகளும் இதற்கு விலக்கல்ல.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகள் முனைவர் பட்டத்திற்கு முன்படிப்பைக் கட்டாயமாக்கின. ஆனால் ஆய்வு நெறிமுறைத் தாளில் கணினிப் பயன்பாடு சேர்க்கப்படலாம் என்றே கூறின. 2019 இறுதியில் அறிமுகமான ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் என்னும் தாள், தரவுத்தளங்களையும் எச்-குறியீட்டையும் கற்பிக்கிறது. அத்தாள் சுட்டும் பன்னாட்டுத் தரவுத்தளங்களில் தமிழ் இதழ்கள் மிகச் சிலவே என்பதைத் தமிழ் மாணவர் தாமே கண்டறிய வேண்டியுள்ளது.

இவற்றோடு ஊரகத் திட்டம் ஒன்றை ஒப்பிடலாம். 6 கோடி ஊரகக் குடும்பங்களை நோக்கி 2017இல் தொடங்கிய பிரதமரின் ஊரக எண்மக் கல்வித் திட்டம் 2024 மார்ச்சில் நிறைவுற்றது. 20 மணி நேரப் பயிற்சியை ஏறத்தாழ 6.39 கோடிப் பேர் பெற்றனர். சான்றிதழ் பெற்றோர் ஏறத்தாழ 4.8 கோடிப் பேர். நால்வரில் ஒருவர் சான்றிதழ் பெறவில்லை என்பது குறையாகத் தோன்றலாம். ஆயினும் கற்பித்தவர் ஒருவர், தேர்வு நடத்தியவர் வேறொருவர் என்னும் பிரிவினை அங்கு இருந்தமையாலேயே இவ்விடைவெளி கண்ணுக்குப் புலனாயிற்று. கற்பித்தவரே சான்றிதழும் வழங்கும் உயர்கல்விப் பயிற்சிகளில் இத்தகைய எண்ணிக்கை கிடைக்க வழியில்லை.

திருமலைக் கல்வெட்டுகளில் வடசொற்கள் கிரந்த எழுத்துகளால் பொறிக்கப்பட்டுள்ளன. கிரந்தம் ஒருங்குறியில் இடம்பெற்றது 2014இல்தான். ஆகவே அதற்கு முன் பயின்றவருக்கு இன்று மறுபயிற்சி தேவைப்படும். தொகுதியின் ஒரு பக்கத்தை மாணவரிடம் அளித்து ஒருங்குறியில் பெயர்க்கச் செய்து, ஓராண்டு கழித்து வேறொரு துறையைச் சார்ந்தவர் அப்பாடத்தைத் தேடி எடுக்க முடிகிறதா எனச் சோதிப்பது செலவு மிகுந்த செயலன்று. திருப்பதியிலேயே இதனைத் தொடங்கலாம்.