பாணுக்குத் தொட்டுக்கொள்ள

கல்முனையிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்களிடம் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சோறு கிடைக்கவில்லை என்று குறைப்படுகிறவர்கள் குறைவு. அரிசி இன்று தோஹாவிலும் கிடைக்கும், டொரொன்டோவிலும் கிடைக்கும். குறை காலைச் சாப்பாட்டில்தான். பாணை வாட்டி எடுத்தாயிற்று. அதன்மேல் எதைப் பூசுவது? கடை அடுக்குகளில் ஜாம், தேன், சொக்கலேட் என்று இனிப்புப் போத்தல்களே வரிசை கட்டி நிற்கின்றன. நாக்கு கேட்பதோ உப்பும் புளிப்பும் உறைப்பும்.

அற்பமான குறைதானே என்று தள்ளிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கரையூர் மனிதன் வெளிநாட்டில் தேடுகிற 'ஊர்ச் சுவை' எங்கிருந்து ஊருக்கு வந்தது என்று பின்னோக்கிப் போனால், அது ஒரு நீண்ட வரலாற்றில் கொண்டுபோய் விடுகிறது. அந்த வரலாற்றின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு தட்டுப்பாடு நிற்கிறது.

முதலில் பாண். சொல்லே போர்த்துக்கேயருடையது. அவர்களுடைய 'பாவ்'தான் இலங்கைத் தமிழில் பாண் ஆயிற்று. பாண் சுடும் போறணையும் அதை வைத்து உண்ணும் மேசையும் அவர்கள் விட்டுச்சென்ற சொற்களே. இதில் ஒரு முரண் உண்டு. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அப்போது கண்டி மன்னன் செனரத் அவர்களில் ஏறத்தாழ 4,000 பேரைக் கிழக்குக் கரையில் குடியேற்றினான் என்பது வரலாற்று நூல்களில் பதிவாகியிருக்கும் செய்தி. அதற்கு முன்பே அக்கரையில் முஸ்லிம் குடிகள் இருந்தன. இவர்களும் வந்து சேர்ந்தார்கள். துரத்தியவனின் மொழியிலிருந்து வந்த சொல், துரத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுடைய காலைப் பசிக்குப் பெயராயிற்று. மொழி பகையைக் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை போலும்.

ஆனால் சொல் வந்த அன்றே பாண் அன்றாட உணவாகிவிடவில்லை. அம்பாறைக் கரை நெல் விளையும் பூமி. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்துக்கு முன்பும் பின்பும் அங்கே வயல்கள் இருந்தன. அப்படிப்பட்ட ஊரில் கோதுமைக்கு என்ன வேலை? விடை இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. இலங்கை அப்போது தனக்குத் தேவையான அரிசியின் பெரும்பகுதியை வெளியிலிருந்து, முக்கியமாகப் பர்மாவிலிருந்து, தருவித்துக்கொண்டிருந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த வழி அடைபட்டது. அரிசிக்குப் பங்கீடு வந்தது. கோதுமை மாவு அந்த இடைவெளியை நிரப்ப வந்தது. போர் முடிந்தது, மாவு திரும்பிப் போகவில்லை. 1954இல் அமெரிக்கா இயற்றிய பி.எல். 480 சட்டத்தின் கீழ் உதவி மாவு வந்தது. அரசு மானியம் மாவின் விலையைத் தாழ்த்தி வைத்தது. விடியுமுன் கடலுக்குப் போகிறவனுக்கும் தறியில் அமர்கிறவனுக்கும், அடுப்பு மூட்டாமல் கிடைக்கும் உணவு பாண்தான். 1970களின் நடுப்பகுதியில், இறக்குமதிக் கட்டுப்பாடும் உலகளாவிய தானிய விலையேற்றமும் சேர்ந்து நெருக்கியபோது, அந்தப் பாணுக்கே மக்கள் வரிசையில் நின்றார்கள். 1980இல் திருகோணமலையில் பிரீமா ஆலை இயங்கத் தொடங்கியதிலிருந்து கோதுமை மணியாக வந்து நாட்டிலேயே மாவாயிற்று.

பாண் வந்தது, கூடவே வெண்ணெய் வரவில்லை. வந்த வெண்ணெயும் ஏழைக்கு எட்டும் விலையில் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் சம்பல் ஏறி அமர்ந்தது. சம்பல் நம்முடையது என்று உரிமை பாராட்டுகிறோம். அதன் பெயர் மலாய், சாவகத் தீவுகளைச் சேர்ந்தது. ஒல்லாந்தர் காலத்தில் அத்தீவுகளிலிருந்து போர்வீரர்களும் நாடு கடத்தப்பட்டவர்களும் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டார்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. போர்த்துக்கேயரின் கப்பல்களில் கீழைத்தேயத்துக்கு வந்தது. சம்பலுக்கு உயிர் கொடுக்கும் மாசி மாலைதீவைச் சேர்ந்தது. சூரை மீனை அவித்து, புகையிட்டு, மரக்கட்டை போல் ஆகும்வரை வெயிலில் காயவைத்தால் மாசி. 1343-44ஆம் ஆண்டுகளில் மாலைதீவில் தங்கியிருந்த இப்னு பதூதா இம்மீனைப் பற்றி எழுதியிருக்கிறார். அது இந்தியாவுக்கும் சீனத்துக்கும் யமனுக்கும் ஏற்றுமதியாவதையும் குறித்திருக்கிறார். குளிரூட்டி இல்லாத காலத்தில் கெடாத மீன் என்பது கடலோடிகளுக்குக் கிடைத்த வரம்.

தேங்காய்ச் சம்பல் அன்றைக்கே கெட்டுவிடும். வெங்காயமும் மிளகாயும் மாசியும் எண்ணெயில் நன்றாக வதங்கிய சீனிச் சம்பல் வாரக்கணக்கில் நிற்கும். ஆகவே பயணப் பெட்டியில் ஏறியது சீனிச் சம்பல். போத்தலை இறுக மூடி, பொலித்தீன் பையில் சுற்றி, துணிகளுக்கு நடுவில் வைத்து அனுப்பிய உம்மாமார் எத்தனை ஆயிரம் பேர்! அந்தக் கணக்கைச் சுங்கத் திணைக்களம் வைத்திருக்கவில்லை.

சம்பல் தீர்ந்த பிறகு? அங்கேதான் மார்மைட் வருகிறது. கறுத்துக் குழைந்த அந்தப் பிசினை விரும்புகிறவர்களும் வெறுப்பவர்களும் உலகெங்கும் உண்டு. இலங்கையில் விரும்புகிறவர்கள் அதிகம். மாஜரின் தடவிய பாணில் மெல்லிய பூச்சாக, அல்லது காய்ச்சல்காரனுக்குச் சுடுநீரில் கரைத்து, சிறிது வெங்காயமும் தேசிப்புளியும் சேர்த்து என்று அது வீட்டு மருந்துபோலவே புழங்கியது. அது பிறந்தது 1902இல், இங்கிலாந்தின் பேர்ட்டன் நகரில். மூலப்பொருள் அங்கிருந்த பியர் வடிசாலைகளில் மிஞ்சிய ஈஸ்ட். அந்தக் கழிவைச் செறிவாக்கி உண்ணலாம் என்று காட்டியவர் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக். 'மார்மைட்' என்பது சமையல் பானையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். இன்றும் அதன் வில்லையில் ஒரு பானை இருக்கிறது.

அது வெறும் பூச்சாக இருந்து மருந்தாக உயர்ந்த கதை நம் பக்கத்து மண்ணில் நடந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளிப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுமையான இரத்தச்சோகைக்கு ஆளாகி மடிவதன் காரணத்தைத் தேடினார். மிகக் குறைவான சத்துணவு உண்டவர்களும், அந்நோய்க்கு மிக எளிதில் இரையானவர்களும் ஏழை முஸ்லிம் பெண்களே என்று கண்டார். 1931இன் தொடக்கத்தில் மதராஸ் திருவல்லிக்கேணியில், கோஷாப் பெண்களுக்கென அமைந்த மருத்துவமனையிலும் அவர் பணியாற்றினார். அதுவே இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. சத்தில்லா உணவு கொடுத்ததால் சோகை பிடித்த குரங்குக்கு மார்மைட் கொடுத்தபோது அது தேறியது. பெண்களுக்குக் கொடுத்தபோது அவர்களும் தேறினார்கள். 1931இல் அவர் இதைப் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டார். மார்மைட்டில் இருந்து குணமாக்கிய பொருள் எது என்று அப்போது பெயரில்லை. 1941இல் பசளிக்கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்றார்கள். இன்று கருவுற்ற பெண்களுக்கு எங்கும் கொடுக்கும் மாத்திரை அதுதான். அதன் வேர்களில் ஒன்று பெயர் தெரியாத ஏழை முஸ்லிம் தாய்மார்களின் நோய்ப் படுக்கையில் இருக்கிறது.

அந்த ஆய்வின் சூடு ஆறுமுன் இலங்கையில் பேரிடர் வந்தது. 1934-35இல் பரவிய மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். பாதிப்பு மிகுந்தது குருநாகல், கேகாலைப் பக்கங்களில். காய்ச்சலோடு பட்டினியும் சேர்ந்துகொண்டது. கனடாவில் பிறந்து, தமிழரான இரத்தினத்தை மணந்து, இலங்கையையே தன் நாடாக்கிக்கொண்ட மருத்துவர் மேரி இரத்தினம், சத்துக் குறைந்து கிடந்தவர்களுக்கு மார்மைட் கொடுத்தார். 1930இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கியவரும் 1958இல் மகசேசே விருது பெற்றவரும் இவரே. இலங்கை வீடுகளில் மார்மைட்டுக்கு இருக்கும் மருந்து மதிப்பை, இந்தப் பின்னணியை அறியாமல் புரிந்துகொள்ள முடியாது.

சரி, மாசிச் சம்பலுக்குப் பழகிய நாக்கு ஏன் மார்மைட்டில் ஆறுதல் கொள்கிறது? 1908இல் ஜப்பானியர் இக்கேதா, கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்து, அதன் சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். 1913இல் அவருடைய மாணவர் கொடாமா, உலர்த்திய சூரை மீனின் சுவைக்குக் காரணம் இனோசினேட் என்று கண்டார். ஜப்பானியர் உலர்த்திப் புகையிட்ட சூரைதான் மாலைதீவின் மாசிக்கும் மீன். ஈஸ்ட் தன் புரதத்தைத் தானே சிதைத்துக்கொள்ளும்போது குளுட்டமேட் பெருகுகிறது. மார்மைட்டின் அடர்சுவை அதனால் வருவது. ஒன்று கடலில் பிறந்தது, மற்றது வடிசாலையில் பிறந்தது. நாக்கில் இரண்டும் உறவினர்.

வடிசாலை என்றதும் இன்னொரு கேள்வி எழுவது இயல்பு. பியரின் மிச்சத்திலிருந்து வந்த பொருளை முஸ்லிம் உண்ணலாமா? ஒரு பொருள் முழுவதுமாக வேறொன்றாக மாறிவிட்டால் பழைய விலக்கு அதற்குப் பொருந்துமா என்பதை 'இஸ்திஹாலா' என்ற தலைப்பில் மார்க்க அறிஞர்கள் நெடுங்காலமாக விவாதித்து வந்திருக்கிறார்கள். அனுமதித்தவர்களும் உண்டு, பேணுதலுக்காக விலகியவர்களும் உண்டு. இலங்கையில் 2013இல் ஹலால் முத்திரையே அரசியல் பகையின் பொருளாக்கப்பட்டது. ஒரு குடும்பம் தன் சாப்பாட்டு மேசையில் அமைதியாகத் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி அன்று தெருவுக்கு இழுத்துவரப்பட்டது. அதன் கசப்பை அக்கரை மக்கள் இன்னும் மறக்கவில்லை.

1970களின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்கு நாடுகளுக்கான பயணம் பெருகியது. ஆண்கள் மட்டும் போகவில்லை; பெண்களும் போனார்கள். சம்பல் அரைத்துப் போத்தலில் அடைத்து அனுப்பிய கைகளே வேறொரு வீட்டின் அடுக்களையில் வேலைக்கு அமர்ந்தன. அங்கே குபூஸ் ரொட்டி; அதற்குத் தொட்டுக்கொள்ள தயிரை வடித்துச் செய்த லப்னே, ஒலிவ் எண்ணெயில் குழைத்த ஸஃதர், கண்ணாடிப் போத்தலில் சீஸ். எல்லாமே இனிப்பல்லாதவை. ஆகவே வளைகுடாவில் இருந்தவர்களின் தேடல் ஐரோப்பாவில் இருந்தவர்களுடையதை விடச் சீக்கிரம் ஓய்ந்தது. திரும்பி வந்தவர்களின் பெட்டிகளில் சீஸ் போத்தலும் வந்தது. போனபோது சம்பல், வந்தபோது சீஸ். கல்முனைப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு அந்த உப்புச் சீஸ்தான் தாய் தந்தையர் இல்லாத ஆண்டுகளின் சுவை.

மேற்கே போனவர்களுக்கு வேறு வகைச் சோதனைகள். ஆஸ்திரேலியாவில் மார்மைட்டைத் தேடியவர் கையில் வெஜிமைட் கிடைத்தது. அதுவும் தட்டுப்பாட்டின் பிள்ளைதான்: முதல் உலகப் போரால் மார்மைட் வரத்து தடைப்பட்டதன் விளைவாக, 1922இல் மெல்பேர்னில் சிரில் கலிஸ்டர் அதை உருவாக்கினார். டென்மார்க்கில் 2011இல் மார்மைட்டுக்குத் தடை என்று செய்தி பரவியது. உயிர்ச்சத்துச் சேர்த்த உணவுகளுக்கு அங்கே முன் அனுமதி தேவை, அது பெறப்பட்டிருக்கவில்லை என்பதே விஷயம். 2006ஆம் ஆண்டுக்குப் பிறகு விமானத்தில் 100 மில்லி லீற்றருக்கு மேற்பட்ட குழம்புப் பொருள்களைக் கைப்பையில் கொண்டுபோக முடியாமல் போனது. எத்தனை சம்பல் போத்தல்கள் பாதுகாப்புச் சோதனை மேசைகளில் கைவிடப்பட்டனவோ!

2022இல் இலங்கையில் அந்நியச் செலாவணி வற்றியபோது, பாண் விலை ஏறியது, பால்மா மறைந்தது, வரிசைகள் மீண்டன. அந்த ஓராண்டில் வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் 3 இலட்சத்துக்கும் மேல். பர்மா அரிசி நின்றபோது பாணுக்குப் பழகிய சமூகம், பாணும் அரிதானபோது நாட்டை விட்டே வெளியேறியது. தட்டுப்பாடு முதலில் தட்டை மாற்றுகிறது; அது போதாதபோது ஊரையே மாற்றிவிடுகிறது.

'இந்த உணவு எங்களுடையது, அது அந்நியருடையது' என்று எல்லை கட்டுகிறவர்கள் ஒரு துண்டுப் பாணை எடுத்துப் பார்க்கட்டும். சொல் போர்த்துக்கேயருடையது, மாவு அமெரிக்கருடையது, மிளகாய் மெக்சிக்கோவினது, மாசி மாலைதீவினது, மார்மைட் ஆங்கிலேயருடையது. இவற்றைச் சேர்த்து ஒரு சுவையாக்கிய கை மட்டும் கல்முனைத் தாயுடையது. வெளிநாட்டுக் கடையில் கிடைக்காதது அந்தக் கை ஒன்றுதான்.