தூளியும் அக்காவின் இடுப்பும்: தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பிள்ளை வளர்ப்பின் வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு பெண் ஐந்தாறு பிள்ளைகள் பெறுவது வழக்கமாக இருந்தது. பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டு இடைவெளியில் பிள்ளைகள் பிறந்ததால், தூளியில் ஒன்று, தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒன்று, தெருவில் விளையாட இரண்டு என்பதே பல வீடுகளின் நிலை. இத்தனை பேரையும் தாய் ஒருத்தியே வளர்க்கவில்லை. பேறு பார்க்க, குளிப்பாட்ட, சோறூட்ட, தூக்கி வைத்துக்கொள்ள என ஒவ்வொரு வேலைக்கும் வீட்டிலோ ஊரிலோ ஆள் இருந்தது. அந்த வேலைகளில் பல மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் சத்துணவு மையத்துக்கும் கைமாறியதே பிற்காலத்து மாற்றத்தின் சாரம்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்போ சீமந்தமோ முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வார்கள். அடுத்தடுத்த பேறுகளுக்கு மூத்த பிள்ளைகளையும் உடன் கூட்டிச் செல்வதும் உண்டு. மாமியார் பொறுப்பில் விட்டுச் செல்வதும் உண்டு. பேறு பார்த்தவர் ஊர் மருத்துவச்சி. பல ஊர்களில் இவர் முடிதிருத்தும் சமூகத்துப் பெண். நெல், புடவை, எண்ணெய் ஆகியவையே கூலி. கை பழகிய அனுபவம் இவருக்கு இருந்தது. தூய்மையான கருவி இல்லை. தொப்புள்கொடியை அரிவாளாலோ கத்தியாலோ அறுத்ததால் பச்சிளங்குழந்தைகளுக்கு இசிவு நோய் வந்து இறப்பது சாதாரணமாக நடந்தது. பல வீடுகளில் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுக் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாக வைத்தார்கள்.

குழந்தையைக் குளிப்பாட்டுவது அனுபவமுள்ள முதியவளின் வேலை. அவள் மணையில் உட்கார்ந்து இரு கால்களையும் நீட்டி, கணுக்காலுக்கு மேல் குழந்தையைக் கிடத்துவாள். எண்ணெய் தேய்த்துக் கைகால்களை நீவுவாள், மூக்கைப் பிடித்துவிடுவாள், பதமான வெந்நீரைக் கையால் தடுத்துத் தடுத்து ஊற்றுவாள். துடைத்ததும் சாம்பிராணிப் புகை, கன்னத்தில் மைப்பொட்டு. வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு ஆகியவற்றைக் கல்லில் உரைத்துத் தாய்ப்பாலில் குழைத்துக் கொடுப்பது உரைமருந்து. குழந்தைக்குப் புகட்டப் பாலாடையோ சங்கோ பயன்பட்டது. தாய்க்குப் பத்திய உணவும் பூண்டும் பிரசவ லேகியமும். கடற்கரை ஊர்களில் பால் சுரக்கச் சுறாப்புட்டு. இவையெல்லாம் வசதிக்குத் தக்கபடிதான் நடந்தன. நிலமுள்ள வீட்டுப் பெண் மூன்று மாதம் தாய்வீட்டில் இருந்தாள். கூலிக்காரப் பெண் சில வாரங்களிலேயே களை பறிக்கத் திரும்பினாள்.

குழந்தையை உறங்க வைக்கும் தூளிக்குச் செலவே இல்லை. பழைய நூல் புடவையை உத்தரத்தில் கட்டினால் தூளி ஆயிற்று. வயல் வேலைக்குப் போகும் தாய் அதையே வரப்போரத்து மரக்கிளையில் கட்டினாள். ஐந்து வயதுப் பிள்ளையே ஆட்டிவிட முடியும் என்பதால், சமைத்துக்கொண்டோ நெல் குத்திக்கொண்டோ தாய் தன் வேலையைப் பார்க்க முடிந்தது.

புதுக்குழந்தை வந்ததும் அதிகம் பாதிக்கப்பட்டது அதற்கு நேர்மூத்த பிள்ளை. தாய் மீண்டும் கருவுற்றதும் மார்பில் வேப்பெண்ணெய் தடவி அதற்குப் பாலை மறக்கடிப்பார்கள். பாலுக்கு ஈடாகக் கிடைத்தது கஞ்சியும் பழைய சோறும்தான். அந்த உணவில் சத்துக் குறைவு. தாயின் கவனமும் புதுக்குழந்தையின் பக்கம் திரும்பிவிடும். கைகால் மெலிந்து, வயிறு முன்தள்ளி, ஓயாமல் சிணுங்கும் இந்தப் பிள்ளையைச் சவலைப்பிள்ளை என்றார்கள். இதைப் பெரும்பாலும் பாட்டிதான் ஏற்றுக்கொண்டாள். இரவில் பக்கத்தில் படுக்க வைத்தாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாத்திரத்தில் சோற்றைப் பிசைந்து, சுற்றி உட்கார வைத்து, நீட்டிய கைகளில் உருண்டை உருண்டையாக வைத்து ஊட்டும் வழக்கம் அவள் வேலையை எளிதாக்கியது.

கைக்குழந்தையைப் பகலில் தூக்கிச் சுமந்தவள் பெரும்பாலும் அக்கா. ஏழெட்டு வயதிலேயே தம்பியையோ தங்கையையோ இடுப்பில் வைத்தபடி விளையாடப் போவாள், தண்ணீரும் எடுப்பாள். இதன் விலை அவளுடைய படிப்பு. 1920இல் சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்த பிறகும் ஏழை வீட்டு மூத்த பெண்பிள்ளைகளில் பலர் பள்ளி வாசலை மிதிக்கவில்லை. வசதியுள்ள வீடுகளில் பிள்ளை தூக்குவதற்கென்று ஏழைச் சிறுமிகளை அமர்த்திக்கொள்வதும் இருந்தது.

பாட்டியும் அக்காவும் அருகில் இல்லாத இடங்களில் வேறு ஏற்பாடு தேவைப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்க் குடும்பங்களில், தாய் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுச் சென்றாள். தோட்டத்துப் பெண் ஒருத்தி அங்கே எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டாள். இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் பெண்கள் பலர் வேலை செய்யும் இடங்களில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்று விதித்தன.

பிரசவம் வீட்டை விட்டு வெளியேற நெடுங்காலம் பிடித்தது. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844இல் தொடங்கியது. ஆண் மருத்துவரிடம் செல்லாத பெண்களுக்காக மருத்துவர் மேரி ஷார்லிப் முயற்சியால் 1885இல் திருவல்லிக்கேணி கோஷா மருத்துவமனை வந்தது. பெண் மருத்துவர்களில் முன்னோடியான முத்துலட்சுமி ரெட்டி 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அவர் பெயரால் ஏழைத் தாய்மார்களுக்கான மகப்பேறு உதவித் திட்டம் 1987இல் ஏற்பட்டது. கிராமங்களில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தவை ஆரம்ப சுகாதார நிலையங்களும் வீடு தேடி வந்த கிராம சுகாதாரச் செவிலியரும். கருவுற்ற பெண்ணுக்குப் போடும் இசிவுத் தடுப்பூசி, மருத்துவச்சி காலத்துப் பெரிய அபாயத்தை நீக்கியது.

பிள்ளைகளின் எண்ணிக்கையும் இதே காலத்தில் குறைந்தது. 1930களிலேயே பெரியார் கருத்தடையைப் பெண் விடுதலையோடு சேர்த்துப் பேசினார். இந்திய அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1952இல் தொடங்கியது. சில ஆண்டுகளில் சென்னை மாநிலம் கருத்தடை அறுவைச் சிகிச்சைக்கு ஊக்கத்தொகை கொடுக்கத் தொடங்கியது. பிரசாரம் மட்டும் குடும்பத்தைச் சுருக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் மாநிலத்தில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை ஓராண்டுக்குள் இறந்தன. 2020இல் அந்த எண்ணிக்கை 13. பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்ததும் நான்கு, ஐந்து பெற்றுக்கொள்ளும் தேவை குறைந்தது. பெண்கல்வியும் திருமண வயது உயர்ந்ததும் அதற்குத் துணை நின்றன.

சவலைப்பிள்ளைக்கும் அக்காவுக்கும் விடிவு வந்தது உணவுத் திட்டங்களால். 1956இல் காமராஜர் ஆட்சியில் தொடங்கிய பள்ளி மதிய உணவு ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தது. 1980இல் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாதவர்களுக்குச் சத்துமாவு கொடுத்தது. பால் மறந்த பிள்ளை மெலியும் வயது அதுவே. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளுக்கும் மையங்களில் உணவளித்தது. தம்பியைப் பகலில் மையத்தில் விட முடிந்தபோது, அவனைச் சுமந்த அக்காவின் பள்ளிப் பாதையில் ஒரு தடை நீங்கியது.

2019–21இல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள். மருத்துவச்சியின் தொழில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. தாய்வீட்டுப் பேறும் தூளியும் எண்ணெய்க் குளியலும் தொடர்கின்றன. பாட்டி இல்லாத நகர வீடுகளில் குளிப்பாட்டச் சம்பளத்துக்கு ஆள் வருகிறார். பிள்ளைகள் குறைந்ததால் வேலையும் குறைந்தது. ஆனால் அதைப் பகிர்ந்துகொண்ட கைகள் அதைவிட வேகமாகக் குறைந்ததால், ஒன்றிரண்டு பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு பெரும்பாலும் தாய் மேலேயே விழுகிறது.