இரைச்சலும் கூர்மையும்: இலக்கப் படத் திருத்தத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வரலாற்றாசிரியன் சான்றுகளை நம்பி வாழ்பவன். கல்வெட்டு, ஏட்டுச் சுவடி, ஆவணம் என்பவற்றோடு ஒளிப்படமும் அவனுக்குச் சான்றாகி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. இன்று எடுக்கப்படும் ஒளிப்படங்களுட் பெரும்பாலானவை எண்களின் நிரல்களாகப் பதியப்படும் இலக்கப் படங்களாகும். எண்களை மாற்றுவது எளிது. ஆகவே அவற்றைத் திருத்துவதன் எல்லை யாது என்ற வினா எழுகின்றது. இரைச்சல் நீக்கல், கூர்மையாக்கல் என்னும் இரு திருத்தங்களின் வரலாற்றினூடாக அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டு இரைச்சல் என்பது ஒலியன்று. பொருளுக்கு உரியதல்லாது படத்திற் கலந்துவிடும் ஒழுங்கற்ற புள்ளிகளாகும். அதன் காரணங்களுள் ஒன்று ஒளியின் இயல்பிலேயே உள்ளது. ஒளி துணிக்கைகளாக வந்து சேர்வதால் அவற்றின் தொகை ஒரே சீராய் அமைவதில்லை. சராசரியாக 10,000 துணிக்கைகள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 100, அதாவது நூற்றுக்கு ஒன்று. 100 துணிக்கைகளே விழும் இருண்ட இடத்தில் அது 10, அதாவது நூற்றுக்குப் பத்து. இருளில் எடுத்த படங்கள் புள்ளி புள்ளியாய்த் தோன்றுவது இதனாலாகும்.

1957இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நியமங்கள் பணியகத்தில் ரசல் கேர்ஷ் என்பார் தம் குழந்தையின் ஒளிப்படத்தை 176க்கு 176 புள்ளிகளாகக் கணினியுட் புகுத்தினார். எனினும் படத்திருத்தக் கலையை வளர்த்தது விண்வெளி ஆராய்ச்சியே. 1964 யூலையில் ரேஞ்சர் 7 அனுப்பிய சந்திரப் படங்களில் கமராவினால் நேர்ந்த பிறழ்வுகள் கலிபோர்ணியாவின் ஜெற் உந்துகை ஆய்வுகூடத்திற் கணினிகொண்டு திருத்தப்பட்டன. மறு ஆண்டு யூலையில் மரினர் 4 செவ்வாயைக் கடந்து சென்றபோது எடுத்த படம் ஒவ்வொன்றும் 200க்கு 200 புள்ளிகள் கொண்டது. புள்ளி ஒவ்வொன்றும் 64 சாயல்களுள் ஒன்று. ஒரு படம் பூமியை வந்தடைய எட்டு மணித்தியாலம் வரை சென்றது. பொறுமையிழந்த பொறியியலாளர் வந்த எண்களைக் காகித நாடாக்களில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, எண்ணுக்கேற்ப வர்ணந் தீட்டி முதற் படத்தைக் கண்டனர். படம் என்பது எண்களே என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சி அரிது.

இரைச்சலை நீக்கும் எளிய வழி, ஒரு புள்ளிக்குப் பதிலாக அதனையும் அயலிலுள்ள எட்டினையும் சேர்த்த சராசரியை இடுவதாகும். ஒழுங்கற்ற இரைச்சல் மூன்றிலொன்றாகக் குறையும். ஆயின் பொருள்களின் விளிம்புகளும் மழுங்கும். 1970களில் ஜோன் டூக்கி பரப்பிய இடைய முறை, ஒன்பது எண்களையும் நிரைப்படுத்தி நடுவிலுள்ளதைத் தெரிவது. இதனால் விளிம்பு பெரிதும் காக்கப்படுகின்றது. எனினும் தனித்து ஒளிரும் சிறு விண்மீனையும் அது இரைச்சலெனக் கொண்டு அழித்துவிடும்.

கூர்மையாக்கலோ கணினிக்கு முற்பட்டது. எதிர்ப்படத்தின் மங்கலான நேர்ப்பிரதி ஒன்றை ஆக்கி, இரண்டையும் பொருத்தி அச்சிட்டால், பரந்த சாயல் வேறுபாடுகள் தணிய நுண்விபரங்கள் மேலோங்கும். இம்முறையை 1944இல் யூல் என்பார் விளக்கினார். 1970களின் பிற்பகுதியில் அவுஸ்திரேலியாவில் டேவிட் மலின் இதனை வானியற் படங்களுக்குப் பயன்படுத்தினார். மங்கலைக் கழித்துக் கூர்மை பெறும் இவ்விருட்டறை உத்தியே இன்றைய மென்பொருள்களிலும் பழைய பெயருடன் வழங்குகின்றது. அளவு மீறின் விளிம்புகளைச் சுற்றிப் பொய்யான ஒளிவட்டம் தோன்றும்.

இரு திருத்தங்களும் ஒன்றுக்கொன்று முரணானவை. இரைச்சலும் விளிம்பும் அயற்புள்ளிகளுக்கிடையே திடீரென நேரும் மாற்றங்களே. ஒன்றைத் தணித்தால் மற்றையதும் தணியும். ஒன்றை உயர்த்தினால் மற்றையதும் உயரும். முதலில் இரைச்சலை நீக்கி, பின்னரே கூர்மையாக்கும் வழக்கம் இதனால் ஏற்பட்டது.

1990இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைகாட்டி இதன் எல்லையை உணர்த்தியது. அதன் ஆடியின் ஓரம் 2.2 மைக்ரோமீற்றர் மிகையாகத் தட்டையாயிருந்தமையால் படங்கள் மங்கின. குறையின் தன்மை அறியப்பட்டதால், 1972இல் ரிச்சட்சனும் 1974இல் லூசியும் வகுத்த கணிப்பு முறைகொண்டு பல படங்கள் தெளிவாக்கப்பட்டன. ஆயினும் மங்கிய பொருள்களில் இரைச்சலும் உடன் பெருகியது. 1993 டிசெம்பரில் விண்வெளி வீரர் சென்று கருவியைச் சீர்செய்த பின்னரே முழுத் தெளிவு கிட்டியது. குறையை அறிந்தவன் அதனை ஓரளவு நீக்கலாம். பதியப்படாததைக் கணிதம் படைத்துத் தராது.

அண்மைக் காலக் கற்கும் கணினிகள் இவ்வெல்லையை மீறுவது போலத் தோன்றுகின்றன. தாம் கண்ட எண்ணற்ற படங்களிலிருந்து, இல்லாத விபரத்தை அவை ஊகித்து நிரப்புகின்றன. 2020இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட அத்தகைய முறையொன்றில் பராக் ஒபாமாவின் தெளிவற்ற படத்தை இட்டபோது, ஒரு வெள்ளையரின் முகம் வெளிவந்தது. படம் கூர்மையாயிருந்தது; சான்று பொய்யாயிற்று. அம்முகம் ஒரு வழக்கிலோ வரலாற்று நூலிலோ இடம்பெறின் விளையும் தீங்கு சொல்லுந்தரமன்று.

ஆகவே, அழகிய படம் வேறு, சான்றாகும் படம் வேறு என்பது தெளிவு. ஏட்டுச் சுவடியைப் பதிப்பிப்போர் தாம் கொண்ட பாடத்துடன் பாடபேதங்களையும் குறித்து வைப்பர். மூல ஏட்டை எறிந்துவிடார். படத்தைத் திருத்துவோரும் மூலப் பதிவைப் பேணி, செய்த திருத்தங்களை முறைப்படி குறித்து வைத்தல் வேண்டும். எதிர்கால வரலாற்று மாணவன் நம் காலத்தை அப்படங்கள் வாயிலாகவே காணப்போகின்றான்.