குறை சொல்லாத கண்: நீரிழிவும் பார்வையும், பெங்களூருவிலிருந்து ஒரு வாசிப்பு

நீரிழிவு என்னும் சொல் சிறுநீரைக் கண்டு இட்ட பெயர். வடமொழியின் 'மதுமேகம்' என்பதும் அவ்வாறே. பேச்சு வழக்கில் அது 'சர்க்கரை' ஆயிற்று. நான் வசிக்கும் பெங்களூருவின் கன்னடத்திலும் 'சக்கரெ காயிலெ'தான். ஒரு பெயர் கழிவைப் பார்க்கிறது, மற்றொன்று உணவைப் பார்க்கிறது. கண்ணைச் சுட்டும் பெயர் எதுவும் இல்லை. சுசுருத சம்ஹிதை 76 கண்நோய்களை எண்ணிச் சொல்கிறது; மதுமேகத்தையும் விரிவாகப் பேசுகிறது. எனினும் இன்று நாம் அறிந்த வடிவில் அவ்விரண்டையும் இணைக்க அக்காலத்தில் வழியில்லை. உயிருள்ள மனிதனின் விழித்திரையைக் காணும் கருவி 1851 வரை உலகில் எங்கும் இருக்கவில்லை.

இந்நோயின் வரலாற்றை மருந்துகளின் வரலாறாக எழுதுவது வழக்கம்: இன்சுலின், லேசர், ஊசி என்று. யார், யாருடைய கண்ணுக்குள், எந்த நிலையில் பார்த்தார்கள் என்ற கேள்வியைக் கொண்டு வாசித்தால் அவ்வரலாறு வேறு முகம் காட்டுகிறது என்பது என் கருத்து.

ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் கண்நோக்கியை 1851இல் உலகுக்கு அறிவித்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே வியன்னாவில் எடுவார்ட் யேகர், நீரிழிவு நோயாளியின் விழித்திரை நடுவில் மஞ்சள் புள்ளிகளையும் குருதிக் கசிவையும் கண்டு வரைந்து வெளியிட்டார். அக்காலத்தின் பெரும் கண் மருத்துவரான ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே இதை ஏற்கவில்லை; நீரிழிவுக்கும் அப்புள்ளிகளுக்கும் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றார். 1872இல் இலண்டனின் எட்வர்ட் நெட்டில்ஷிப்பும் 1876இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் மான்ஸும் அடுத்தடுத்த சான்றுகளைச் சேர்த்தனர். ஐயம் முற்றாக நீங்க 1943இல் கிளாஸ்கோவின் பாலன்டைன் விழித்திரையின் நுண்குழாய்ச் சுவர்களில் நிகழும் மாற்றத்தைக் காட்ட வேண்டியிருந்தது. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள்.

ஏன் இத்தனை தாமதம்? ஒரு காரணம் வேதனையானது. பார்வையை அழிக்கும் அளவுக்கு விழித்திரை கெடப் பெரும்பாலும் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும். இன்சுலினுக்கு முன் நீரிழிவு கண்ட சிறுவர்கள் அத்தனை காலம் உயிரோடு இருந்ததில்லை. 1922 சனவரியில் டொராண்டோவில் முதல் இன்சுலின் ஊசி ஒரு சிறுவனுக்குப் போடப்பட்ட பின்புதான் அவர்கள் வளர்ந்து, படித்து, மணம் முடித்து, முப்பது வயதில் பார்வை இழக்கத் தொடங்கினர். உயிர் காத்த மருந்தே, நீண்ட வாழ்வின் வழியாக, இந்நோயைப் பரவலாக்கியது.

நோயின் போக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குருதியில் நெடுங்காலம் மிகும் சர்க்கரை, விழித்திரையின் நுண்குழாய்ச் சுவர்களைத் தளர்த்துகிறது. சுவரில் சிறு குமிழ்கள் புடைக்கின்றன. நீரும் கொழுப்பும் கசிகின்றன. சில குழாய்கள் அடைபட்டுப் போகின்றன. குருதி கிடைக்காத பகுதி வேதிச் செய்தி அனுப்பிப் புதிய குழாய்களை வருவிக்கிறது. அவை நொய்ந்தவை; உடைந்தால் விழியினுள் குருதி நிறைகிறது, பின்னர் தழும்பு விழித்திரையை இழுத்துப் பிரிக்கிறது. கசிவு நடுப்புள்ளியைத் தொடாத வரை, புதிய குழாய் உடையாத வரை, நோயாளிக்கு எழுத்துப் பலகையின் கடைசி வரியும் தெளிவாகத் தெரியலாம். வலியும் இல்லை, சிவப்பும் இல்லை.

சிகிச்சை கதிரவனிடமிருந்து வந்தது. கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்க்காதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள் அல்லவா? 1945 சூலை கிரகணத்தை அப்படிப் பார்த்து விழித்திரை வெந்துபோனவர்களை ஜெர்மானிய மருத்துவர் மையர்-ஷ்விக்கெராத் ஆராய்ந்தார். கட்டின்றிச் சுடும் ஒளியைக் கட்டுப்படுத்திச் சுட்டால் என்ன என்று எண்ணி, முதலில் கண்ணாடிகளால் திருப்பிய சூரிய ஒளியையே பயன்படுத்தினார். பின்னர் செனான் விளக்கு, அதன்பின் லேசர். விழித்திரையின் ஓரங்களைச் சுட்டு நடுப்பார்வையைக் காப்பது உண்மையிலேயே பயன் தருகிறதா என்று அறிய அமெரிக்காவில் ஒரு பெரும் ஆய்வு நடந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்குச் சிகிச்சை, மறு கண் அப்படியே விடப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் விடப்பட்ட கண்களில் 16.3 விழுக்காடு கடும் பார்வையிழப்பை அடைந்தன. சிகிச்சை பெற்றவற்றில் 6.4. இம்முடிவு வெளியான ஆண்டு 1976.

அந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்திய அரசு பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியதும் 1976. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதும் 1976. நம் கவனமோ பெரிதும் கண்புரையில் இருந்தது. அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். அன்றைய பார்வையிழப்பில் பெரும்பகுதி கண்புரைதான். பெங்களூருவின் கண் மருத்துவ மரபும் அதிலே உருவானது. 1896இல் சிறு அளவில் தொடங்கி 1913இல் இன்றைய கட்டடத்துக்கு வந்த மிண்டோ கண் மருத்துவமனை அதன் ஒரு முகம். ஊர் ஊராக முகாம் நடத்தி, ஒரே நாளில் 833 அறுவைகள் செய்தவர் என்று புகழ்பெற்ற டாக்டர் எம். சி. மோதி மற்றொரு முகம்.

முகாமின் தருக்கம் எளியது. பார்வை மங்கியவர் தாமே வருகிறார், புரை அகற்றப்படுகிறது, கட்டு அவிழ்த்ததும் பேரனின் முகம் தெரிகிறது, அவர் ஊருக்குத் திரும்பி நான்கு பேரிடம் சொல்கிறார். நீரிழிவு விழித்திரை நோயில் இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அறுந்திருக்கிறது. நன்றாகப் பார்க்கும் ஒருவரிடம் போய், உம் பார்வை போகக்கூடும் என்று சொல்ல வேண்டும். அவர் நம்பி வந்து லேசர் செய்துகொண்டாலும் பார்வை கூடுவதில்லை. இரவுப் பார்வை சற்றுக் குறையவும் கூடும். இழக்காமல் போன ஒன்றுக்காக யார் ஊரில் போய்ப் புகழ்வார்? கண்புரைக்காக வளர்ந்த பெரும் அமைப்பு இந்நோயை எளிதில் உள்வாங்க முடியாததன் வேர் இங்கே இருக்கிறது. மருத்துவர்களின் அக்கறையை இதில் குறைசொல்ல இடமில்லை.

மறுபுறம் நீரிழிவு மருத்துவம் தனியே வளர்ந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இல் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். சென்னை நகர மக்களிடையே நடந்து 2005இல் வெளியான ஆய்வு, நீரிழிவு உள்ளோரில் 17.6 விழுக்காட்டினருக்கு விழித்திரை நோய் இருப்பதைக் காட்டியது. 40 வயது கடந்தோரிடையே பல மாநிலங்களில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில் அது 12.5 விழுக்காடு, பார்வையை அச்சுறுத்தும் நிலையில் 4 விழுக்காடு. விழுக்காடுகள் சிறியவையாகத் தோன்றலாம். நாட்டில் நீரிழிவு உள்ளோர் 10 கோடிக்கு மேல் என்று 2023இல் வெளியான தேசிய மதிப்பீட்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இத்தனை பேரின் கண்களையும் ஆண்டுதோறும் யார் பார்ப்பது? இக்கேள்விக்குப் பெங்களூரு தன் இயல்புப்படி கருவியால் விடை சொன்னது. வழக்கமான சோதனைக்குக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து வேண்டும். அதன்பின் சில மணி நேரம் பார்வை கலங்கும், இருசக்கர வண்டியில் வீடு திரும்ப முடியாது, கூலி வேலை செய்பவருக்கு ஒரு நாள் சம்பளம் போகும். 2010இல் இங்கு தொடங்கிய ஃபோரஸ் ஹெல்த் நிறுவனத்தின் 'த்ரீநேத்ரா', சொட்டு மருந்தின்றி விழித்திரையைப் படமெடுக்கும் மலிவான கருவி. ரெமிடியோ நிறுவனம் திறன்பேசியையே விழித்திரைப் படக்கருவியாக்கியது; இணையம் இல்லாமலே அப்படத்தை மதிப்பிடும் செயற்கை நுண்ணறிவையும் அதனுள் வைத்தது. 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் 1,28,175 படங்களைக் கொண்டு பயிற்றுவித்த கணினி நிரலின் ஆய்வில், அரவிந்த், சங்கர நேத்ராலயா ஆகியவற்றோடு இந்நகரின் நாராயண நேத்ராலயாவின் படங்களும் இடம்பெற்றன.

ஆயினும் கருவி வந்ததும் கதை முடிந்ததென்று எழுதுவோரோடு நான் உடன்படவில்லை. கூகுள் நிரலைத் தாய்லாந்தின் சிற்றூர் மருத்துவ நிலையங்களில் பயன்படுத்தியபோது, செவிலியர் எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் தரமில்லை என்று நிரலால் ஒதுக்கப்பட்டதை 2020இல் வெளியான கள ஆய்வு பதிவுசெய்தது. ஒதுக்கப்பட்டவர் தொலைவிலுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; அதற்கு மீண்டும் ஒரு நாள் சம்பளம் போகும். பார்வையைக் காப்பது படம் எடுக்கும் நொடியில் நிகழ்வதில்லை. படத்துக்குப் பின் லேசர் அறை வரை, ஊசிக்குப் பின் அடுத்த ஊசி வரை நோயாளி வந்து சேர்வதில் நிகழ்கிறது.

தடுக்க வேண்டியவை இன்று ஐயமின்றித் தெரிந்தவை. முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரிடம் நடந்து 1993இல் முடிவு வெளியான ஆய்வில், சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்திய போது, விழித்திரை நோய் இல்லாதிருந்தவர்களுக்கு அது தொடங்கும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. 1998இல் பிரித்தானிய ஆய்வு இரத்த அழுத்தத்துக்கும் இதில் பெரும் பங்கு உண்டு என்று காட்டியது. இரண்டாம் வகையினர் நோய் கண்டறிந்த உடனும், முதல் வகையினர் ஐந்தாண்டுகளுக்குள்ளும் விழித்திரைச் சோதனை செய்துகொள்ள வேண்டும்; பின்னர் பொதுவாக ஆண்டுக்கொருமுறை. முன்பே நீரிழிவு உள்ள பெண்கள் கருவுற்றால் உடனே செய்ய வேண்டும். கண்ணாடி எண் பார்க்கும் சோதனை இதற்கு ஈடாகாது. பலர் அதையே இதுவென்று எண்ணிக்கொள்கின்றனர்.

இத்துறையில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். இலட்சக்கணக்கான விழித்திரைப் படங்கள் இன்று ஆவணமாகச் சேர்ந்துள்ளன. பரிந்துரைச் சீட்டு பெற்றும் மறுமுறை வராதவர்களைப் பற்றி அப்படங்கள் எதுவும் கூறா. அவர்களை நோயாளிப் பதிவேடுகளின் வெற்று வரிசைகளிலும், முகவரி தேடிச் செல்லும் ஆஷா பணியாளர்களின் நினைவிலும்தான் தேட வேண்டும்.