தாமிரபரணிக் கரையில் ஆசிரியர் சங்கம்: ஊதியக் கோரிக்கையும் கற்பித்தல் கலையும்

ஆசிரியர் சங்க வரலாறு என்றாலே வேலைநிறுத்தங்களின் வரலாறு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது பாதி உண்மைதான். ஆசிரியரின் பிழைப்பைக் காப்பது, கற்பிக்கும் திறனை வளர்ப்பது என்ற இரண்டு பணிகளையும் தொடக்கத்தில் ஒரே அமைப்பு சுமந்தது. அவை பிரிந்த விதத்தை அம்பாசமுத்திரம் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

இந்த வட்டாரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அம்பாசமுத்திரத்தில் தீர்த்தபதி பள்ளி, கல்லிடைக்குறிச்சியில் திலகர் வித்யாலயா போன்ற உதவி பெறும் பள்ளிகள், திருச்சபைப் பள்ளிகள், ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. பாபநாசத்தில் திருவள்ளுவர் கல்லூரி, ஆழ்வார்குறிச்சியில் பரமகல்யாணி கல்லூரி. ஒரே ஆற்று நீரைக் குடித்த ஆசிரியர்களுக்கு நிர்வாகத்துக்கு ஒரு சம்பளமும் ஒரு விதியும் இருந்தன. ஒரே சங்கமாகத் திரள்வது எளிதாக இல்லாததற்கு இதுவே முதற்காரணம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத் தொடக்கப் பள்ளிகளில் தேர்ச்சிக்கேற்ற மானியம் என்ற முறை இருந்தது. ஆய்வாளர் வரும் நாளில் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் தேறிய பிள்ளைகளைக் கணக்கிட்டு மானியம் தரப்பட்டது. அன்று காய்ச்சலில் படுத்த பிள்ளையால் வாத்தியாரின் வருமானம் குறைந்தது. பிசான நடவுக்குப் பிள்ளைகள் வயலுக்குப் போய்விட்டாலும் அதே கதைதான். கற்பித்தலின் தரமும் ஆசிரியரின் வயிற்றுப்பாடும் வேறு வேறல்ல என்பதை இந்த முறை கொடுமையான வழியில் கற்றுக்கொடுத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது. ஆனால் மானியம் நிர்வாகியின் கைக்கே போனது. பதிவேட்டில் முழுத் தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குறைந்த தொகையை வாங்கிப் போவது அதன்பின் பல பத்தாண்டுகள் மாகாணமெங்கும் ஆசிரியர்களின் தீராக் குறையாக இருந்தது.

20ஆம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் உருவான தென்னிந்திய ஆசிரியர் சங்கம் மாவட்ட ஆசிரியர் கில்டுகளை இணைத்துக்கொண்டு வளர்ந்தது. அதன் ‘சவுத் இந்தியன் டீச்சர்’ இதழில் பணிப் பாதுகாப்புக் கோரிக்கையும் பாடம் நடத்தும் முறை பற்றிய கட்டுரையும் அடுத்தடுத்து இடம்பெற்றன. பாடம் சொல்லத் தெரிந்தவர் என்ற தகுதியிலேயே அந்தத் தலைமுறை உரிமை கேட்டது. அதன் பலம் அதுதான் என்பது என் மதிப்பீடு. ஆனால் அது பெரிதும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களின் உலகம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களைத் திரட்டிய பெருமை ஆசிரியர் இயக்கத் தலைவர் மாஸ்டர் இராமுண்ணி போன்றோரைச் சேரும்.

விடுதலைக்குப் பின் வெற்றிகள் சட்டங்களாகவும் ஆணைகளாகவும் வந்தன. காமராசர் ஆட்சியில், 1955இல், வருங்கால வைப்பு நிதி, காப்பீடு, ஓய்வூதியம் ஆகிய மூன்றும் சேர்ந்த முப்பயன் திட்டம் சென்னை மாநிலத்தில் அறிமுகமானது. அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. பின்னர் தேசியக் கல்வி ஆணையமான கோத்தாரிக் குழு பிற மாநிலங்களுக்கும் இத்திட்டத்தை எடுத்துக்காட்டியது. 1973ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், முன் அனுமதியின்றி ஆசிரியரை வேலையை விட்டு அனுப்ப முடியாது என்ற நிலையைக் கொண்டுவந்தது. கல்லூரிகளுக்கு 1976இல் தனிச்சட்டம் வந்தது. 1981 ஜூன் 1 முதல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். கல்லூரி ஆசிரியர்களைப் பொறுத்தவரை, 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னும் மதுரையில் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கமாகப் பிறந்த ‘மூட்டா’வே இக்கரையில் அவர்களின் அமைப்பாக நீடிக்கிறது.

இடையில் ஓர் இழப்பையும் குறிப்பிட வேண்டும். தமிழ்நாட்டுச் சட்ட மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடம் ஆசிரியர் தொகுதிகளுக்கு உரியதாக இருந்தது. உயர்நிலைப் பள்ளியும் அதற்கு மேற்பட்ட நிறுவனங்களும் மட்டுமே கணக்கில் வந்ததால் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு அதில் வாக்கு கிடையாது. 1986இல் மேலவையே கலைக்கப்பட்டதும் இருந்த குரலும் போயிற்று. மிஞ்சியது தெரு.

அந்தத் தெருப் போராட்டத்தின் உச்சம் 2003 ஜூலை வேலைநிறுத்தம். ஆசிரியர்களும் அரசு ஊழியர்களுமாகச் சுமார் 1,70,000 பேர் வேலையிழந்தார்கள். வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியர்களுக்கு அடிப்படை உரிமை இல்லை என்று ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. மிகப் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். ஆனால் 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் என்றாகிவிட்டது. ஒரே ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த நாற்காலியில் இருப்பவர்களுக்கு இருவேறு முதுமை. ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ 2019 ஜனவரியில் நடத்திய வேலைநிறுத்தத்தின் முதன்மைக் கோரிக்கையும் பழைய ஓய்வூதியத்தை மீட்பதே.

மேலவை போன பிறகான இதே பத்தாண்டுகளில் பணியிடைப் பயிற்சி பெரிதும் அரசின் கைக்குப் போனது. நெல்லைக்கு முனைஞ்சிப்பட்டி ஆசிரியர் பயிற்சி நிறுவனமும், பின்னர் வட்டார வள மையங்களும் வந்தன. 2007இல் செயல்வழிக் கற்றல், 2022இல் எண்ணும் எழுத்தும் என்று முறைகள் மேலிருந்து இறங்கின. பணிநிரவல், பணிமூப்பு, ஊதிய முரண்பாடு ஆகியவற்றில் மூழ்கிய சங்கங்கள், பாடமுறை பற்றிப் பேசும் இடத்தைப் பெரும்பாலும் விட்டுக்கொடுத்தன. ஊதியத்துக்காக அவை நடத்திய போராட்டம் நியாயமானது. அதில் எனக்கு ஐயமில்லை. விட்டுக்கொடுத்த இடம்தான் விலை மிகுந்தது.

அந்த விலை 2025 செப்டம்பர் 1 அன்று தெரிந்தது. ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளின் ஆசிரியர்களில் ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள், எத்தனை ஆண்டு பணியாற்றியிருந்தாலும், இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருபது ஆண்டு பாடம் நடத்தியவரின் தகுதியை ஒரு தாள்தான் அளக்க வேண்டுமா என்று சங்கங்கள் கேட்பது சரியான கேள்வி. அதற்கு நீதிமன்றத்துக்கு வெளியேயும் விடை தேட வேண்டும். வட்டாரக் கிளைகள் மாதம் ஒருமுறையேனும் வகுப்பறை பற்றிப் பேசக் கூட வேண்டும்; அந்தப் பேச்சைப் பதிவு செய்து இதழாக்க வேண்டும்.