முத்துக்குளிப்போர் உடற்கேடு

மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கிப் பன்முறை மூழ்கியெழுந்தவர்க்குச் செவியிலும் நுரையீரலிலும், சிலவேளை மூளையிலும் நேரக்கூடிய தீங்குகளைக் குறிப்பது. சிறு ஊறு திரும்பத் திரும்ப நேர்வதால் விளைவது என்ற அளவில், 1928-இல் அமெரிக்க வைத்தியர் மார்ட்லண்ட் குத்துச்சண்டைக்காரரிடம் கண்டெழுதிய மூளைநலிவோடு இதனை ஒப்பிடலாம், காரணம் வேறு.

பாண்டியர் துறைமுகமாகிய கொற்கையில் முத்தெடுக்கத் தண்டனை பெற்ற கைதிகளை இறக்கினர் என்று கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலாகிய பெரிப்புளூஸ் கூறும். தொழிலின் அபாயத்துக்கு இது பழஞ்சான்று எனலாமாயினும், பாண்டியர் காலமெங்கும் அதுவே வழக்கமென்று கொள்வதற்கில்லை. மார்க்கோ போலோ, குளிப்போரைத் தாக்காதவாறு மந்திரத்தால் மீனைக் கட்டுவோரைப் பற்றி எழுதினார்.

விரிவான வருணனை தருபவர், இலங்கை பற்றி 1803-இல் வெளியிட்ட நூலில் அக்கரையில் நடந்த சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பை, விவரித்த ராபர்ட் பெர்சிவல். வலக்கால் விரல்களால் கல் கட்டிய கயிற்றையும் இடக்கால் விரல்களால் வலைப்பையையும் கவ்விக்கொண்டு, ஒரு கையால் மூக்கைப் பொத்தியவாறு இறங்குபவன், அடியில் சிப்பியை அள்ளிக் கயிற்றை அசைத்தவுடன் தோணியில் உள்ளோர் அவனை இழுத்தெடுப்பர். வாயிலும் மூக்கிலும் காதிலும் நீரும், பலவேளை இரத்தமும் வழிய ஏறியவன், அதைப் பொருட்படுத்தாது நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முறை மீண்டும் இறங்குவான். அக்கயிற்றைப் பிடிப்பவன் மச்சானாகவே இருக்கவேண்டும் என்பது கடற்கரையில் வழங்கும் பேச்சு. தங்கை தாலியின் பொறுப்பு அவன் கையில் என்பர். 1797-இல் அஞ்சுதெங்கிலிருந்து வந்த ஒருவன் ஆறு நிமிஷம் நீருள் இருந்தான் என்றும் பெர்சிவல் எழுதுகிறார். பின்வந்தோர் கடிகாரம் வைத்துக் கண்டது பெரும்பாலும் ஒன்றரை நிமிஷத்துக்கு உட்பட்டதாகலின், இதனை ஐயத்தோடு ஏற்பதே தகும்.

பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகிச் செவிப்பறை உள்நோக்கி அமுங்கும். ஒருமுறை மூழ்குவதால் இரத்தத்தில் சேரும் நைட்ரஜன் அற்பமே. இடையில் ஓய்வின்றி மூழ்கினால் அது குவியும். 1965-இல் பாலெவ் என்னும் டேனிஷ் வைத்தியர், இருபது மீட்டர் ஆழத் தொட்டியில் ஐந்து மணி நேரம் தாமே மூழ்கியெழுந்து, தலைச்சுற்றலும் கைகால் தளர்ச்சியும் கண்டார். பசிபிக்கின் துவாமோத்துத் தீவுகளில் முத்துச்சிப்பி எடுப்போர் இவ்வாறு வரும் நோயைத் 'தாராவனா' என்பர். முழுக்குக்கு முழுக்குப் பன்னிரண்டு நிமிஷம் போல இளைப்பாறிய மங்காரேவாத் தீவு ஆட்களை அது அணுகவில்லையாம். ஜப்பானிய ஆமா குளியாளர் சிலர் மூளையில் இரத்தவோட்டம் தடைப்பட்ட தழும்புகள் ஸ்கேனில் தெரிந்துள்ளன. அவை முதுமையில் அறிவுத் தேய்வாக முடியுமா என்பது தீர்வாகவில்லை.

தூத்துக்குடியின் கடைசி முத்துச் சலாபம் 1961-இல் நடந்தது. சங்கு குளிப்போர் பலர் இன்று கம்ப்ரசர் காற்றைக் குழாய் வழியே வாயில் வாங்கி நெடுநேரம் அடியில் தங்குகின்றனர். மூட்டுவலிக்கும் பக்கவாதத்துக்கும் இதில் ஏது அதிகம்.